ஒரு பிடி சாம்பிள் காய்

மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அள்ளுகிறாள் ராஜாமணி. அதில் ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டுகிறாள். ஓட்டுக்குள் பருப்பு கலகலத்தால் காய்ந்த காய். சத்தம் வராவிட்டால் ஈரம். மூட்டைக்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இன்னும் மூணு வெயில் காயணும்ங்க."

"ரெண்டு போதாதாம்மா?"

"போதாதுங்க. மூணு."

திண்டிவனத்தில் ரயிலடிக்குப் போகும் சாலையில் இருக்கிறது அவள் கணவர் பச்சைமுத்துவின் கமிஷன் மண்டி. இந்தத் தையில்தான் கல்யாணம் ஆயிற்று. ராஜாமணிக்கு வயது இருபது. வளவனூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் பாடுபடும் கண்ணையனின் மகள். எட்டாவது வரை படித்தவள். மண்டிக்குப் பெண்பிள்ளை வந்து நிற்பதா என்று முதல் வாரம் முணுமுணுத்தவர்கள், இரண்டாவது வாரம் அவள் காதுக்குப் பயப்பட ஆரம்பித்துவிட்டார்கள்.

'சுமார்' என்ற சொல் அவள் வாயில் வராது. பிறர் வாயில் வந்தாலும் விடமாட்டாள். அவள் பிறந்த வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே நூற்று நாற்பத்தாறு அடி. கல்யாணத்துக்குச் 'சுமார் ஆயிரம் பேர்' வந்ததாகப் பச்சைமுத்து என்னிடம் பெருமை அடித்துக்கொண்டபோது, பக்கத்தில் நின்றவள் மெதுவாகச் சொன்னாள்: "எலை எண்ணினேங்க. முன்னூத்திப் பன்னெண்டு."

பச்சைமுத்துவோ நேர்மாறு. அவருடைய வயதே சுமார் இருபத்தெட்டுதான். நல்ல மனிதர். யாரையும் ஏமாற்ற நினைக்காதவர். ஆனால் எதையும் எண்ணிப் பார்க்கவும் நினைக்காதவர்.

எனக்கு இவர்கள் பழக்கமானது வருமான வரியால். விழுப்புரத்தில் வியாபாரிகளுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. இந்த யுத்த காலத்தில், வருஷ வருமானம் இரண்டாயிரத்தைத் தொடாதவரை சர்க்கார் நம்மைத் தொடுவதில்லை. மூன்று வருஷமாகப் பச்சைமுத்து ஒரு பை நிறையச் சீட்டுகளோடு வந்து, "சுமாரா போட்டுக்குங்க சார்" என்று கவிழ்த்துவிட்டுப் போவார். நானும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்று எழுதி அனுப்புவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கைத்தேர்ச்சியும் உண்டு.

இந்த வருஷம் மனைவியையும் அழைத்து வந்தார். "கல்யாணம் ஆயி மொத வரிக் கணக்கு. ரெண்டு பேருமா சேந்து போடலாம்னா" என்று வெட்கப்பட்டுக்கொண்டே நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். பிரயாணம் எப்படி என்று ஒரு மரியாதைக்குக் கேட்டு வைத்தேன். "நடுவுல நாலு ஸ்டேஷனுங்க. மயிலத்துல மட்டும் பதினோரு நிமிஷம் நின்னுச்சு" என்றாள். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

பையில் சீட்டுகள் இல்லை. நூலால் தைத்த ஒரு நோட்டு இருந்தது. மாதவாரியாக, கறுப்பு மையில் வரவு, சிவப்பில் செலவு. கடைசிப் பக்கத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு ரூபாய் ஏழணா. இரண்டாயிரத்துக்கு உள்ளேதான். பச்சைமுத்துவுக்கு முகமெல்லாம் பல். நான் பாரத்தை நிரப்பி, கையெழுத்துப் போடும் முன் உறுதிமொழியைத் தமிழில் சொன்னேன்: 'இதில் கண்டது உண்மை, முழுமை.'

"முழுமைன்னா எல்லாமேவாங்க?" என்றாள் ராஜாமணி.

"எல்லாமேதாம்மா."

"அப்போ சாம்பிள் காய் காசு இதுல இல்லீங்களே."

மண்டி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூட்டை வந்து இறங்கினால், தரம் பார்க்கக் கைப்பிடி கைப்பிடியாகக் காய் அள்ளுவார்கள். பார்த்த காய் மூட்டைக்குத் திரும்பாது. வாசலோரம் இருக்கும் தனிச் சாக்குக்குப் போகும். சாக்கு நிறைந்ததும் விற்று வரும் காசு மண்டிக்காரர் மனைவியுடையது. இது வழக்கம். எந்த நோட்டிலும் இதை யாரும் எழுதியதில்லை. தை முதல் மார்ச் முடிய ராஜாமணியின் தகர டப்பாவில் இப்படிச் சேர்ந்தது அறுபத்தொரு ரூபாய் நாலணா. தொண்ணூறு ரூபாய்க்கு ஒரு பழைய தையல் மிஷினை விழுப்புரத்தில் பார்த்து வைத்திருந்தாள். வரும் வழியில்கூடக் கடைக்குள் நுழைந்து, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"அது உன் காசு புள்ள. அதைப் போயி எவனாச்சும் கணக்குல எழுதுவானா?" என்றார் பச்சைமுத்து.

நானும் ஒத்து ஊதினேன். "வுட்டுடலாம்மா. யாரும் கேக்கப் போறதில்ல. சேத்தா ரெண்டாயிரத்தைத் தாண்டிடும். இருபத்துநாலரை ரூபா வரி."

"கேக்கலன்னா இல்லன்னு ஆயிடுமாங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபது வருஷமாகச் செய்கிற தொழிலை இவள் எனக்குச் சொல்லித் தருகிறாளா? அந்த வாரம் பயணியர் பங்களாவில் வருமான வரி ஆபீசர் முகாம் போட்டிருந்தார். "வாங்க, அவரையே கேட்டுடலாம்" என்று கிளப்பினேன். ஆபீசர் ஒரு அதட்டல் போட்டால் பெண் அடங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆபீசர் அதட்டவில்லை. நோட்டை நிதானமாகப் புரட்டினார். "அந்தக் காய் யாரோடதும்மா? உன்னோடதா, உன் புருஷனோடதா?" என்று மட்டும் கேட்டார்.

'என்னுது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வரியும் இல்லை, டப்பாவும் பத்திரம், மிஷினும் வீட்டுக்கு வரும். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். பச்சைமுத்து இரண்டு தரம் இருமினார்.

"ரெண்டு பேருதும் இல்லீங்க" என்றாள் ராஜாமணி. "மூட்டைக்காரங்களுது. எங்கப்பா மூட்டை ஏத்திக்கினு மண்டிக்குப் போவாரு. சின்னதுல நானும் கூடப் போவேன். ஒரு வண்டிக்கு ஒம்போது பிடி போவும். தரகரு ரெண்டு, வியாபாரி நாலு, மண்டி மூணு. நான் எண்ணிக்கினே நிப்பேன். எங்கப்பா எண்ணமாட்டாரு. வேற பக்கம் பாத்துக்கினு நிப்பாரு."

தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "இந்த ரெண்டு மாசம் நானே அள்ளிப் போட்டேங்க. எத்தினி பிடின்னு கேட்டா எனக்கே தெரியாது. அது ஒண்ணத்தான் எண்ணல."

ஆபீசர் பேனாவை மூடினார், திறந்தார். "மூட்டைக்காரங்களுக்கு இந்தப் பாரத்துல எடம் இல்லம்மா. மண்டியில வந்தது, மண்டி வரவுதான்" என்று சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டார். வெளியே வந்து இருவருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

திரும்பும் ரயிலில் விக்கிரவாண்டி வரை அழுதாளாம். பேரணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். பச்சைமுத்து என்ன சொல்லித் தேற்றினார் என்று கேட்டேன். "நான் என்னா சொல்றது சார்? மிஷின் சுமாரான மிஷின்தான்னேன். அதுக்கும் சேத்து அழுதா."

பிறகு வரி கட்டியது போக டப்பாவில் மிச்சம் முப்பத்தாறே முக்கால் ரூபாய்.

சென்ற மாதம் திண்டிவனம் போயிருந்தேன். வாசலோரம் இருந்த சாக்கைக் காணோம். கேட்டால், கிழித்துக் கால் துடைக்கப் போட்டவர் பச்சைமுத்துவேதான். "இதால வாரத்துக்குச் சுமார் ஒரு மூட்டை நஷ்டம் சார், பேஜாரு" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். தராசுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "முக்கா மூட்டைங்க." இதனால் மண்டிக்கு வண்டிகள் கூடினவா என்று நான் கேட்கவில்லை. அவளைக் கேட்டிருந்தால் எண்ணிக்கை சொல்லியிருப்பாள்.

அன்றைக்குத்தான் அந்த மூன்று வெயில் பேச்சு நடந்தது. மூணு என்று தீர்த்துச் சொன்ன பிறகு, மூட்டைக்காரர் சாலைப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார். ராஜாமணி ஒரே ஒரு காயை உடைத்துப் பார்த்தாள். மீதிப் பிடியை, எடுத்த மாதிரியே முழங்கை வரை கையை விட்டு, மூட்டையின் அடியிலேயே வைத்தாள். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றவரின் கையைப் பிடித்து விரித்து, உடைத்த காயின் இரண்டு பருப்பையும் அதில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.