உயிரோடு இருந்தவருக்கு அடித்த மணி

கோயில்பிள்ளை வேலை என்றால் மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, அது போக யார் செய்த தப்புக்கும் திட்டு வாங்குவது. திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயிலில் பதினாலு வருஷமாக இந்த மூன்றையும் குறைவில்லாமல் செய்து வருகிறேன். பள்ளிவாசல் மோதினார், அம்மன் கோயில் பூசாரி, கல்யாண மண்டப வாட்ச்மேன் என்று சாவிக்கொத்து சுமக்கிற அத்தனை பேருக்கும் என் பாடு சொல்லாமலே புரியும்.

வரிசை

எங்கள் பங்குச்சாமிக்கு, அதாவது பாதிரியாருக்கு, எல்லார் குரலும் அத்துப்படி. அதனால் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் வெளியூர்ச் சாமி வருகிற அன்றைக்குத்தான் சாமி காதில் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டம் அம்மும். வரிசையைப் பார்த்துக்கொள்வது நான். போன தவக்காலத்தில் பக்கத்துத் தெரு சவரிமுத்து அண்ணன் வந்து நின்றார். எனக்கும் அவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சே இல்லை. திருவிழா அன்று மைக்கைப் பிடித்து, "கோயில் மெழுகுவர்த்தி கோயில்பிள்ளை வீட்டுல எரியுது" என்று ஊருக்கே சொன்ன மனுஷன். வாயைத் திறக்காமல் விரலைக் காட்டி அவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பினேன். போய் நின்றுகொண்டார்.

எரியோட்டிலிருந்து பீடத்துக்கு மல்லிகைப்பூ கொண்டுவருகிற கருப்பையா இதைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டார். செய்த பாவத்தைச் சொல்லி மனசார வருந்தினால் கடவுள் மன்னித்துவிடுவார் என்றேன். பூக்கூடையை இறக்கி வைத்தார்.

"சாமி மன்னிச்சிரும், சரி. பக்கத்துத் தெருக்காரன் மன்னிப்பானா அப்பு?"

சீட்டு

பேரைச் சொன்னால் எனக்கு இன்னொரு பாவம் சேரும், தெரசம்மா என்று வைத்துக்கொள்வோம். மறந்துவிடக் கூடாது என்று பாவங்களைச் சீட்டில் எழுதிக்கொண்டு வருகிற ஆள். ஒரு சனிக்கிழமை வரிசையில் நின்று சீட்டைப் பிரித்தால் துவரம்பருப்பு ஒரு கிலோ, சீயக்காய் கால் கிலோ என்று இருக்கிறது. அந்தம்மா முகம் வெளுத்துப்போச்சு. இன்னொரு சீட்டு மளிகைக் கடையில் இருக்கிறது.

நான் ஓடலாமா என்று நினைக்கும்போதே கடைக்கார பாய் தன் வண்டியில் வந்து இறங்கினார். நாலாக மடித்த சீட்டை என் கையில் வைத்தார். முதல் வரிக்கு மேல் அவர் படிக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"இந்தச் சரக்கு நம்ம கடையில எடுக்குறதில்ல. எடுக்குற இடத்துல குடுத்துருங்க."

மணி

எங்கள் பங்கில் யாராவது இறந்தால், வீட்டுக்காரர்கள் சொல்லியனுப்பிய பிறகுதான் துக்க மணி அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இடைவெளி விட்டு அடிப்பது. இந்த ஆவணியில் சவரிமுத்து அண்ணனை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நாலாம் நாள் காலையில் பார்த்தால் அவர் வீட்டு வாசலில் சாமியானாக் கம்பு, பிளாஸ்டிக் நாற்காலி, கூட்டமாகப் பொம்பளைகள். வேறு யாராக இருந்தாலும் படியேறி ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். பேச்சுவார்த்தைதான் இல்லையே. நேராக வந்து கயிற்றைப் பிடித்துவிட்டேன்.

அந்தச் சாமான் பின்சந்தில் நடக்கப்போகிற காதுகுத்துக்கு. வண்டி சந்துக்குள் நுழையாததால் இவர் வாசலில் இறக்கியிருக்கிறார்கள். மனுஷன் முந்தின நாள் சாயந்தரமே வீடு வந்து சேர்ந்துவிட்டாராம். கால் மணி நேரத்தில், சட்டைப் பொத்தானை மாட்டியபடி, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கே வந்துவிட்டார். அவசரப்பட்ட யாரோ கொண்டுவந்து கொடுத்த மாலை மகன் கையில். அவர் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"ஆறு வருசமா உனக்கு நான் செத்தவன்தானே. இன்னைக்குத்தான் ஊருக்குச் சொல்லியிருக்க."

குரல் தெரிந்த சாமி

வெளியூர்ச் சாமிக்காகக் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. அந்தச் சனிக்கிழமையே எங்கள் பங்குச்சாமியிடம் முழங்கால் போட்டேன். மெழுகுவர்த்தி எடுத்தது உண்மை. மகள் பரீட்சைக்குப் படிக்கும்போது கரண்ட் போய்க்கொண்டே இருந்தது என்று இரண்டு கட்டு எடுத்துப் போனேன். அண்ணன் பொய் சொல்லியிருந்தால் ஒரே வாரத்தில் மறந்திருப்பேன், உண்மை என்பதால்தான் ஆறு வருஷம் ஆத்திரம். மணியடிக்கும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். சாமி கையை உயர்த்தி மன்னிப்பு கொடுத்தார். பரிகாரமாகச் செபம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வா என்றார்.

அண்ணன் வீட்டுப் படியேற எனக்கு ஆன நேரத்தில் பழனிக்கே நடந்திருக்கலாம். "எடுத்தது நாந்தான்ணே" என்றேன். தெரியும் என்றார். மைக்கில் சொல்லி என்னை அவமானப்படுத்தியது தன் தப்பு என்று அவரும் சாமியிடம் சொல்லிவிட்டாராம். எப்போது என்று கேட்டேன். போன தவக்காலத்தில், நான் விரலைக் காட்டிக் கடைசிக்கு அனுப்பின அன்றைக்கு. எனக்காகத்தான் அந்த மனுஷன் வரிசையில் நின்றிருக்கிறார். அவர் சம்சாரம் கொண்டுவந்த தண்ணீரை வாங்கிக் குடித்தேன். அவர் என் முதுகைத் தட்டினார்.

"விடுப்பா. அடுத்த தடவ உள்ள வந்து பாத்துட்டு அடி."

அதனால் இப்போதெல்லாம் சாயந்தர மணியை அடித்த கையோடு, அண்ணன் உயிரோடுதான் இருக்கிறாரா என்று பார்க்க அவர் வீட்டுக்குத் தினமும் போய், ஒரு டீயும் இரண்டு திட்டும் வாங்கிக்கொண்டு வருகிறேன்.