கம்பியில் முளைத்த கரி ஊசிகள்

தொண்ணூறுகளின் நடுவில் தில்லியில் ஆய்வு மாணவியாக இருந்தேன். ஒரு செடியின் எண்ணெயிலிருந்து நான் பிரித்தெடுத்த பொருள் என்னைப் படாத பாடு படுத்தியது. நிறையை அளக்கும் கருவியில் வைத்தால் ஒவ்வொரு முறையும் மூலக்கூறு நொறுங்கி, துண்டுகள் மட்டுமே கோடுகளாகப் பதிவாயின. முழு மூலக்கூறின் கோடு தென்படவேயில்லை. அது தெரியாமல் என் ஆய்வேடு நகராது.

அடுத்த மேசையில் இருந்தவள் என் வயதுக்காரி. லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவள். தமிழைத் தட்டுத் தடுமாறித்தான் படிப்பாள். பேச்சில் மட்டும் பெற்றோரின் திருநெல்வேலி அப்படியே இருந்தது. மூலக்கூறை உடைக்காமலே அளப்பதுதான் அவளுடைய ஆய்வு. அதற்குத் தலைமுடியைவிட மெல்லிய டங்ஸ்டன் கம்பி வேண்டும். அதை ஓர் ஆவியில் மணிக்கணக்காகச் சூடாக்கினால் மேலெல்லாம் கரி ஊசிகள் முளைக்கும். உயர் மின்னழுத்தம் கொடுத்தால், ஊசிமுனையருகே வரும் மூலக்கூறு ஓர் எலக்ட்ரானை மட்டும் இழந்து முழுசாகவே கருவிக்குள் போகும். அவள் இன்னும் ஒரு படி மேலே போய், ஊசிகளின் மேற்பரப்பையே வேதிமுறையில் மாற்றிப் பார்த்தாள். குறைந்த மின்னழுத்தமே போதும், கம்பியும் சீக்கிரம் அறாது என்பது அவள் நம்பிக்கை.

கோடையில் மின்சாரம் நினைத்தபோது போயிற்று. பாதி முளைத்த ஊசிகள் வீணாயின. அவள் முகம் சுளிக்காமல் அடுத்த கம்பியைப் பொருத்துவாள். மழைக்காலம் தொடங்கும்போது ஒரே ஒரு கம்பி சரியாக அமைந்தது.

“அச்சா, உன் சாம்பிள எடு. மொதல்ல அதப் போடுதேன்,” என்றாள்.

“உன் அளவு இன்னும் ஒண்ணுகூட எடுக்கலியே. கம்பி போயிட்டா?”

“போனா இன்னொண்ணு வளப்பேன். நீ என்ன யோசிக்கே? ஜல்தி கொண்டா.”

தாளில் பேனா ஏறி இறங்கியது. துண்டுகள் ஏறக்குறைய இல்லை. வலது ஓரத்தில் நெடிதாக ஒரே ஒரு கோடு. முழு மூலக்கூறின் கோடு அதுதான். அவளுடைய பொருளை வைத்த அடுத்த ஓட்டத்தில் உள்ளே மின்பொறி தெறித்துக் கம்பி அறுந்தது. அவள் என் தாளைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டு, அறுந்த துண்டை நுண்ணோக்கியில் வைத்து, முனைகள் எங்கே உருகின என்று பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

அடுத்து அவள் வளர்த்த கம்பிகள் நெடுநாள் தாங்கின. எனக்குப் பின்னால்தான் பட்டம் வாங்கினாள். அந்தக் கம்பியை எனக்கு முதலில் கொடுத்ததை அவள் ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லிக் காட்டியதில்லை.