ஐந்தாவது எலுமிச்சம்பழம்

என் பட்டறை மூலையில், ஒரு லாரி டயரின் மேல், பழைய எட்டு சிலிண்டர் இன்ஜின் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் முன்னால் காய்ந்து கறுத்த ஓர் எலுமிச்சம்பழம். ஆயுத பூஜைக்குக் காரின் சக்கரங்களுக்கென்று நாலு பழம் வாங்கும்போது, இதற்காக ஐந்தாவதாக ஒன்று வாங்குவது எங்கள் வழக்கம். சக்கரத்தடிப் பழங்கள் வண்டி நகர்ந்ததும் நசுங்கிவிடும். இது அடுத்த வருஷம்வரை கிடந்து காயும். ஏன் என்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் நான் விளக்குவதில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

வழக்கத்தைத் தொடங்கியவர் என் மாமனார். எஸ்டேட் முதலாளி ஒருவரிடம் காலமெல்லாம் டிரைவராக இருந்தவர். முதலாளி போன பிறகு, வாரிசுகளுக்கு வேண்டாத அந்த நீள மூக்கு சீமைக் காரை அவரிடமே தள்ளிவிட்டார்கள். ராஜாக்கள் ஏறிப்போக வேண்டிய வண்டி, ஒரகடம் கூட்டுரோட்டில் என் ஓலைக்கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. 1991இல் அதன் கார்பரேட்டர் போயிற்று. சாமான் எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அது பெட்ரோல் குடிக்கிற குடிக்கு எங்களால் ஊற்றி மாளாது. டீசல் இன்ஜின் மாட்டிவிடலாம் என்றார் மாமா. அது உட்கார, காரின் முன்பக்க இரும்புச் சட்டத்தை அறுக்க வேண்டும். அறுக்க வேண்டிய மெக்கானிக் நான்.

எனக்கு மனசே வரவில்லை. "அறுத்தா போச்சு மாமா. இது மாதிரி இன்னொண்ணு இந்தப் பக்கமே கெடையாது" என்றேன்.

"இன்னொண்ணு இல்லன்றதுக்காக, கீற ஒண்ணையும் நிறுத்தி வெச்சிக்கினு கும்புடணுமா மாப்ள? என் கை கால் நல்லாக்கீறப்பவே ஓட்டிடணும். அப்பால இன்னாத்துக்கு வண்டி?"

வண்டி உயிரோடு இருப்பது என்றால் அவருக்கு ஓடுவது, எனக்கு உள்ளபடியே இருப்பது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எங்களுக்குள் பேச்சு என் மனைவி வழியாகத்தான். நான் பக்கத்தில் நின்று ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, "உன் வூட்டுக்காரரு அறுப்பாரா, வேற ஆளப் பாக்கவான்னு கேளும்மா" என்பார். அவளோ இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். வேறு ஆள் என்றதும்தான் பயந்தேன். இன்னொருவன் கோணலாக அறுப்பதைவிட நானே அறுக்கலாம் என்று அறுத்தேன்.

கழற்றிய இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போடுவார் என்றே நினைத்தேன். மாமா அதை டயரில் ஏற்றிவைத்தார். புது இன்ஜின் மாட்டிய வண்டியை ஸ்ரீபெரும்புதூர்வரை ஓட்டிப் போய்வந்து, இறங்கி, கதவைச் சாத்தினார். "டெம்போ கணக்கா கத்துது. பழகிடும்" என்றார். அவருக்குப் பழகவேயில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முடிந்தவரை ஓட்டினார். மணிமங்கலத்திலிருந்து வடக்குப்பட்டுவரை எத்தனையோ கல்யாணப் பெண்கள் அந்த வண்டியில்தான் போனார்கள். வீடு திரும்பிய பிறகு, மூலை இன்ஜினின் பிளக் துவாரங்களில் எண்ணெய் விட்டு, கையால் சுற்றி வைப்பார். சுற்றாமல் விட்டால் உள்ளே துருப்பிடித்து இறுகிவிடும். அந்த இன்ஜினைக் கழற்றிய வருஷ ஆயுத பூஜையில்தான் ஐந்தாவது பழம் வந்தது. "இது எங்க மாமா நகரப்போவுது?" என்று கேட்டேன். "நவுந்தா நசுங்கட்டும்" என்றார்.

மாமா போய்ப் பல வருஷமாயிற்று. கம்பெனி பஸ்கள் கிளப்பும் புழுதி வண்டியின்மேல் படிகிறது. அந்த டீசல் இன்ஜினும் தளர்ந்துவிட்டது. பூஜையன்று நாலு பழத்தை நசுக்கும் அளவுக்கு மட்டும் நகரும். எண்ணெய் விட்டுச் சுற்றுகிற வேலை இப்போது என்னுடையது.

போன மாதம் சென்னையிலிருந்து பழைய கார் சேர்க்கும் இளைஞர் ஒருவர் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரு சார் இதைக் கொலை பண்ணது?" என்றார். நான்தான் என்றேன். மூலையில் இருக்கும் பழைய இன்ஜினைக் கையால் சுற்றிக் காட்டியதும் ஆள் அடங்கிவிட்டார். இரண்டையும் தந்தால் சட்டத்தை ஒட்டி, பழைய இன்ஜினையே மாட்டி, கண்ணாடி ஹாலில் நிறுத்திப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அன்றைக்கு நான் மாமாவிடம் கேட்டதும் இதைத்தானே. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அசதியாகத்தான் இருந்தது.

"மாட்டினப்புறம் ஓட்டுவீங்களா?"

"சேச்சே. தொடவே மாட்டோம் சார்."

"ஆயுத பூஜையன்னிக்கு மட்டும், ஒரு எலுமிச்சம்பழம் நசுங்கற அளவுக்கு?"

விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "வெள்ளை மார்பிள் சார். கறை படிஞ்சிடும்."

இந்த வருஷமும் ஐந்து பழம் வாங்கினேன்.