ஆடிப் பதினெட்டு அன்று நான் அழித்த பக்கங்கள்

“எந் தம்பி கம்ப்யூட்டருல பெரிய ஆளு” என்று என் அக்கா யாரைப் பார்த்தாலும் சொல்லுவாள். காய்கறிக்காரியிடம் சொல்லுவாள், பஸ்ஸில் முன்பின் தெரியாத பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லுவாள். முன்பெல்லாம் எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. போன வருஷ ஆடிக்குப் பிறகு, அவள் அந்தப் பேச்சை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறேன்.

எனக்கு விருதுநகரில் ஒரு சின்னக் கடை. கல்யாணப் பத்திரிகைக்கு டிசைன் போடுவேன். வத்தல் மண்டிக்காரர்களுக்கும் பருப்பு வியாபாரிகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பேன். அக்கா வாக்கப்பட்டது சிவகாசியில். அவள் பல வருஷம் வெடி ஆபீஸில் வேலை பார்த்தவள். பட்டாசுத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். ஒருநாள் அடுத்த அறையில் தீப்பிடித்தது. தினமும் அவளோடு ஒரே வேனில் போய்வந்துகொண்டிருந்த பெண் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்த அக்கா, “சோத்துக்கு இல்லாட்டிப் பட்டினி கெடப்பேன், இனிமே அந்த வெடிமருந்துல கை வைக்க மாட்டேன்” என்றாள். சொன்னபடி நடந்தும் காட்டினாள். வீட்டு முன்னறையிலேயே காலண்டர் தொழிலை ஆரம்பித்தாள்.

கடைக்காரர்கள் வருஷப் பிறப்புக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிறார்களே, தினமும் தேதி கிழிக்கிற காலண்டர், அதுதான். சாமி படம் போட்ட அட்டையைப் பிரஸ்ஸிலிருந்து வாங்கி, கீழே கடைப் பேரை அடித்து, தேதித் தாள்கட்டைப் பொருத்திக் கொடுக்க வேண்டும். தெருவில் இரண்டு பெண்கள் கூடமாட வேலை செய்தார்கள். மச்சான் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். பெரிய கம்பெனிகளுக்கு ஊர் ஊராக ஏஜெண்டுகள் உண்டு. அக்காவுக்கு இருந்த ஒரே ஏஜெண்ட் நான் செய்து கொடுத்த வெப்சைட்.

அதைச் செய்தபோது எனக்கே தொழில் அரைகுறை. மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, பார்த்தால் கண் வலிக்கும். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல ஒவ்வொரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டே வந்தேன். மளிகைக்கடைக்கு ஒன்று, நகைக்கடைக்கு ஒன்று, முருகன் படத்துக்கு ஒன்று, ‘கொஞ்சமாக வேண்டுமானாலும் காலண்டர் அடித்துத் தருவோம்’ என்று ஒன்று. பட்டுக்கோட்டையிலும் தாராபுரத்திலும் இருக்கிற சின்னக் கடைக்காரர்கள் கூகுளில் தேடினால் முதல் பக்கத்தில் அக்கா வந்து நிற்பாள். பழைய வாடிக்கைக்காரர்கள்கூட நம்பரைக் குறித்துவைக்காமல் வருஷா வருஷம் அப்படித் தேடித்தான் கூப்பிடுவார்கள். ஆவணி முழுக்க அவள் போன் ஓயாது. காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டே தாள்கட்டு பொருத்துவாள்.

அதைப் போய் நான் மாற்றினேன். அவள் கேட்கவே இல்லை. எனக்குத்தான் அரிப்பு. கடைக்கு வருகிறவர்களிடம் “நான் செஞ்ச சைட்டப் பாருங்க” என்று காட்ட ஒன்று வேண்டியிருந்தது. அந்த மஞ்சளைக் காட்ட வெட்கமாக இருந்தது. “ஒனக்குப் புதுசா ஒண்ணு செஞ்சு தாரேங்க்கா, காசு வேண்டாம்” என்றபோது அவள் பூரித்துப் போனாள். தயவு மாதிரி பேசினேன், விளம்பரம் எனக்கு.

எங்கள் பக்கம் ஆடிப் பதினெட்டுக்குத்தான் புது வருஷக் காலண்டர் ஆல்பத்துக்கு, அதாவது மாதிரிப் படங்களைத் தொகுத்த புத்தகத்துக்கு, பூஜை போடுவார்கள். அன்றைக்கே சைட்டையும் திறந்துவிடலாம் என்றாள் அக்கா. ராப்பகலாக உட்கார்ந்து முடித்தேன். முன்னறையில் புது ஆல்பத்துக்கும் என் லேப்டாப்புக்கும் சேர்த்துச் சந்தனம் வைத்தாள், சூடம் காட்டினாள். பிறகு வழக்கம்போலப் பழைய ஆல்பத்தை எடுத்துக் கிழிக்க ஆரம்பித்தாள். அது தொழிலில் ஒரு கட்டாயம். பழைய ஆல்பம் வீட்டில் கிடந்தால் யாராவது அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அந்தப் படம்தான் வேண்டும் என்பார்கள், பிரஸ்ஸில் அந்த அட்டையே இருக்காது. எத்தனையோ வருஷம் நானும் கூட உட்கார்ந்து கிழித்திருக்கிறேன்.

“ஏலே, கம்ப்யூட்டருல கெடக்குற பழசையும் கழிச்சிரு. போன வருசப் படத்தப் பாத்துட்டு எவனாவது ஆர்டர் போட்டுறப் போறான்” என்றாள். அவள் காலண்டர்காரி, அவளுக்கு அது நியாயம். எனக்கு எங்கே போச்சு புத்தி? நானும் அவள் கிழிக்கிற வேகத்திலேயே பழைய பக்கங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அமுக்காக அமுக்கினேன். சர்வர் சுத்தமானதும் மனசே லேசானது மாதிரி இருந்தது. அன்றைக்கு அவள் வைத்த பாயசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

ஆவணி பிறந்தது. போன் அடிக்கவில்லை. அக்கா முதலில் போனில்தான் கோளாறு என்று நினைத்தாள். “ஏலே, ஒருவாட்டி அடிச்சுப் பாரு” என்பாள். அடிப்பேன், மணி கேட்கும். “சரி சரி, வையி, ஆரும் அடிக்கப் போறாக” என்று வைத்துவிடுவாள். தெருப் பெண்கள் இரண்டு பேரும் காலையில் வந்து சும்மா உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். அப்புறம் வருவதை நிறுத்திவிட்டார்கள். என்ன ஆச்சு என்று அக்கா கேட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன், “கூகுள்காரன் ஏதோ மாத்திருக்கான்க்கா. எல்லாருக்கும் இப்படித்தான்.” அப்போது எனக்கே காரணம் தெரியாது. தெரியாமலேயே பழியை அடுத்தவன் தலையில் போட்டேன்.

அன்றைக்கே கடைக்கு வந்து தேடிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் இல்லை, அடுத்த பக்கங்களிலும் இல்லை. எங்கேயோ அடியில் ஒரு இடத்தில் முருகன் காலண்டர் பக்கம் கிடந்தது. தொட்டால், அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. கூகுளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பழைய விலாசங்கள்தான். மற்றவர்கள் தங்கள் சைட்டில் சுட்டிக்காட்டியிருந்ததும் அவற்றைத்தான். கடையை எதிர்த் தெருவுக்கு மாற்றுகிற டீக்கடைக்காரர்கூடப் பழைய கதவில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுத்தான் போவார். பழைய விலாசத்துக்கு வருகிறவரைப் புது விலாசத்துக்குத் திருப்பிவிடுகிற அந்த வேலைக்கு எங்கள் தொழிலில் ரீடைரக்ட் என்று பேர். அரிச்சுவடி அது. வத்தல் மண்டிக்காரர்களுக்குச் செய்யும்போது ஒரு தடவையும் மறந்ததில்லை, ஏனென்றால் அவர்கள் சட்டையைப் பிடிப்பார்கள். அக்கா பிடிக்க மாட்டாள் அல்லவா. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நானே என்னைத் திட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். எந்தெந்தப் பக்கம் கிடைக்கவில்லை என்று கூகுளே வைத்திருக்கிற கணக்கைத் திறந்து, ஒவ்வொரு பழைய விலாசத்தையும் அதற்குப் பொருத்தமான புதுப் பக்கத்துக்குத் திருப்பினேன். அழகுக்காக நான் வெட்டிவிட்டிருந்த அக்காவின் வார்த்தைகளை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினேன். ஆனால் கூகுள் திரும்ப வந்து பார்த்து, நம்பி, பழைய இடத்தில் உட்கார வைக்க மாதக்கணக்காகும். சீசன் யாருக்காகவும் நிற்காது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சிவகாசிக்குப் போனேன். சாப்பாட்டில் உட்கார்ந்ததும் சொன்னேன்.

“அக்கா, கூகுள்காரன் ஒண்ணும் பண்ணல. நாந்தான் கெடுத்தேன். பழச அழிச்சது தப்பு.”

“நாந்தானலே அழிக்கச் சொன்னேன்?”

“நீ சொன்னா? தொழில் தெரிஞ்சவன் நாந்தான? நான்ல வேண்டாம்னு சொல்லிருக்கணும்?”

“சும்மா கெடலே. வேணும்னா செஞ்ச? சாப்பிடு, சோறு ஆறுது.”

அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் நானும் கொஞ்சம் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது, அந்தத் தெருப் பெண்களில் ஒருத்தி வாசலில் நின்று, இந்த வருஷம் ஏன் வேலை இல்லை என்று கேட்டுக்கொண்டிருந்தாள். “கூகுள்காரன் என்னமோ மாத்திட்டானாம்மா. எல்லாருக்கும் இப்படித்தானாம்” என்றாள் அக்கா. உண்மை தெரிந்த பிறகும் என் பொய்யைத்தான் சொன்னாள். நான் குழாயை மூடாமல் நின்றேன்.

ஆவணி கடைசியில் அவளே போன் செய்தாள். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன் என்றாள்.

“என்ன வேலை?”

“தெரியாத மாதிரி கேக்குற. வெம்பக்கோட்டப் பக்கம் ஒரு ஆபீசு. தீபாவளி நெருங்குதுல்ல, ஆளு பத்தலையாம்.”

“மருந்துல கை வைக்க மாட்டேன்னு சொன்னியேக்கா.”

“சொன்னேன். இப்பப் போன் அடிக்கலையே” என்றாள். பிறகு அவளே பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டாள். நான் பணம் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், கெஞ்சினேன், கத்தினேன். “ஒனக்கும் புள்ளகுட்டி இருக்கு. போலே அங்கிட்டு” என்று வைத்துவிட்டாள்.

அந்த நாட்களை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. செல்லில் ‘பட்டாசு ஆலையில்’ என்று ஒரு செய்தி ஆரம்பித்தால் போதும், ஊர்ப் பேரைத் தேடுவேன். வேறு ஊர் என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு வரும். உடனே அந்த ஊரிலும் ஒருத்தனுக்கு அக்கா இருப்பாளே என்று தோன்றும், அசிங்கமாக இருக்கும். நான் சூடத்துக்கு முன்னால் ஒரு பட்டனை அமுக்கினேன், அவள் விடியற்காலையில் வேனில் ஏறினாள். இடையில் வேறு யாரும் இல்லை.

புரட்டாசி முடிகிற சமயம், தினமும் தேடுகிற மாதிரி அன்றைக்கும் தேடினேன். முதல் பக்கத்தில் அக்கா நின்றாள். நான் போட்ட சத்தத்தில், பத்திரிகை மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த கல்யாண வீட்டுக்காரர்கள் பயந்துபோனார்கள். உடனே அக்காவுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. வெடி ஆபீஸுக்குள் செல் கொண்டுபோக விட மாட்டார்கள். வாசலிலேயே வாட்ச்மேன் வாங்கி வைத்துவிடுவார். அந்தப் போன் அங்கே கிடந்து அடித்துக்கொண்டிருக்கிறது. அடித்தது நான் மட்டுமாக இருக்காது.

கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன். சாயங்காலம் அவள் வரும்போது வீட்டில் காத்திருந்தேன். புருவத்திலும் காது மடலிலும் வெள்ளி மாதிரி அலுமினியப் பவுடர் ஒட்டியிருந்தது. செல்லைத் திறந்து பார்த்தவள் முகம் மலர்ந்துவிட்டது.

“ஏ ஆத்தா! எம்புட்டுப் பேரு கூப்பிட்டிருக்காக! நான் சொன்னேன்ல, எந் தம்பி சரி பண்ணிருவான்னு!”

கை கழுவக்கூட இல்லை, நின்றபடியே ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முதல் ஆள் வேறு இடத்தில் கொடுத்துவிட்டாராம். அடுத்தவரும் அப்படியே. இன்னொருவர், காலையிலிருந்து அடிக்கிறோம், எடுக்க ஆள் இல்லையா என்று சத்தம் போட்டது எனக்கே கேட்டது. “மன்னிச்சுக்கோங்கய்யா, வேலையில இருந்துட்டேன்” என்றாள். அவள் மன்னிப்புக் கேட்டதை என்னால் நின்று பார்க்க முடியவில்லை.

“நாளையில இருந்து போகாதக்கா. இனிமே போன் வந்துரும்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் துளி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், “திரும்பவும் நின்னு போச்சுன்னா?”

நிற்காது என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதைச் சொல்ல நான் யார்?

“தீபாவளி வரைக்கும் போறேன்லே. நீ ஒண்ணு செய்யி, சைட்ல எந் நம்பர எடுத்துட்டு ஒன் நம்பரப் போட்டுரு” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் மாற்றினேன்.

தீபாவளி முடிந்தது, பொங்கலும் போயிற்று, இந்த வருஷ ஆடிப் பூஜையும் முடிந்தது. அவள் நிற்கவில்லை. இப்போது ஆர்டர் நன்றாகவே வருகிறது, முன்னறையில் அந்த இரண்டு பெண்களும் தாள்கட்டு பொருத்துகிறார்கள். அக்கா வேனில்தான் போகிறாள். கேட்டால், “இதுவும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும்” என்பாள். போன வாரம் பட்டுக்கோட்டைக் கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். வருஷா வருஷம் அக்காவிடம் வாங்குகிறவர்.

“அக்கா இல்லீங்களா தம்பி? எப்பவும் அவங்கதானே பேசுவாங்க?”

“வேலையா இருக்காங்கண்ணே.”

“காலண்டர் வேலை அவ்வளவு பெருகிடுச்சா? சந்தோஷம் தம்பி, சந்தோஷம்.”

“ஆமாண்ணே” என்றேன்.