மூன்றாவது பாட்டில் உம்மா

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நகரவில்லை. மகள் தன் போனில் ஒரு பழைய ரொக் அல்பத்தைப் போட்டாள். முதல் பாட்டின் கிட்டார் கேட்டதுமே சின்ன வயது அக்குறணை வீட்டின் முன்னறைக்குப் போய்விட்டேன்.

வாப்பாவுக்கு உயிரான குழு அது. இது பெரிய இசைக் கம்பனிக்கு அவர்கள் செய்த முதல் அல்பம். பாதி அருமை, பாதி சப்பை. ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்த அந்தக் கெசட்டை, இரண்டு கெசட் ரேடியோக்களை எதிரெதிரே வைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் வாப்பா பதிவு செய்தார். நல்ல பாட்டு ஓடும்போது மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவார். நாங்கள் இருமவும் கூடாது. சப்பைப் பாட்டு வந்தால் மட்டும் கையசைப்பார்: "இப்பப் பேசுங்க. இது கெட்டாலும் பரவாயில்ல."

சப்பையான மூன்றாவது பாட்டின் நடுவில் அடுப்படியிலிருந்து உம்மா கேட்டார்: "பாணுக்குச் சம்பல் போதுமா, பருப்பும் ஆக்கவா?"

"பருப்பும் ஆக்குங்க!" பிள்ளைகள் நால்வரும் கத்தினோம். எல்லாம் பதிவாகிவிட்டது. நல்ல பாட்டுகளில் எங்கள் வீட்டார் யாருமே இல்லை.

உம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போன மறு வருடம், வாப்பா பதிவு செய்த அந்தக் கெசட்டின் நாடாவும் அறுந்து போனது.

இப்போது மூன்றாவது பாட்டு தொடங்கியது.

"இது சரியில்ல உம்மா, மாத்தவா?" என்றாள் மகள்.

"இரி மகள், ஓடட்டும்."

பாட்டு மாசுமறுவில்லாமல் ஓடியது. அன்று என் உம்மா கேட்ட இடம் வந்தது. யாரும் கேட்கவில்லை.

"பருப்பும் ஆக்குங்க," என்றேன்.