பதின்மூன்றாவது கோடு

இது நடந்தது. நான் பொய் சொல்கிறவன்தான், மறுக்கவில்லை. வண்டியூர் தெப்பக்குளத்தில் முதலை பார்த்தேன் என்று நான் விட்ட கதையை நம்பி, மூன்று பேர் இன்னும் அந்தப் படியில் கால் வைப்பதில்லை. அது பொய். இது பொய்யில்லை. நேரம்கூடக் குறித்து வைத்திருக்கிறேன். இரவில் படிக்கிறவர்கள் தைரியமாகப் படிக்கலாம், இது பட்டப்பகலில் நடந்தது. அதுதான் மோசம்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆனையூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிறேன். சமயநல்லூர் நல்லகாமனுக்கும் அவர் தம்பி மொக்கையனுக்கும் ஒட்டினாற்போல் இரண்டு வீடு வரைந்தேன். நடுவில் ஒன்பது அங்குலத்தில் ஒரு பொதுச்சுவர். பேஸ்மட்டம் எழும்பித் தரையும் போட்டாயிற்று. மொக்கையன் பக்கத்து அடுப்படிக்குக் கீழே தண்ணீர்த் தொட்டியும் முடிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 11.30க்கு நல்லகாமன் போன் செய்தார்.

“அண்ணே, நடுச்சுவரை மூணடி தம்பி பக்கம் தள்ளுங்க. ஒரு மணிக்கு பிளான் வேணும்.”

“தம்பி ஒத்துக்கிட்டாரா?”

“அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான்.”

“கையெழுத்து?”

“ஒரு கோட்டைத் தள்ளுறதுக்கு எம்புட்டுக் கேள்வி கேப்பீங்க?”

வைத்துவிட்டார்.

சுவரைத் தள்ளுவது சுலபம். ஆனால் குறுக்கே ஓடுகிற கோடுகள் எல்லாம் அதற்குள் புகுந்து நிற்கும். சுவரின் இரண்டு கோடுகளுக்கு நடுவில் மாட்டிய துண்டை வெட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றாக வெட்டுவது ஒழுக்கமானவர்கள் செய்கிற வேலை. என்னைப் போன்ற சோம்பேறிகள் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு இழுப்போம். அதில் பட்டதெல்லாம் வெட்டுப்படும். எது என்ன என்று மெஷின் கேட்காது.

11.40. வெட்டுமுன் குறுக்குக் கோடுகளை மொத்தமாகப் பிடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு இருக்க வேண்டும். திரையின் அடியில் எண் வந்தது... 13.

விரல் வைத்து எண்ணினேன். பெரிதாக்கிப் பார்த்தேன். மொக்கையன் அடுப்படிக்குள் சாய்வாக ஒரு கோடு. நான் போடாத கோடு. நீளம் ஐந்தடி ஆறு அங்குலம். சாய்வு முப்பத்தொரு டிகிரி. கை தவறி இழுத்திருப்பேன் என்று அழித்தேன்.

“ம்ம்...”

ஸ்பீக்கரிலிருந்து வந்தது. வாயைப் பொத்தி வைத்தால் ஒருவன் முனகுவானே, அப்படி. அந்த ஸ்பீக்கர் வயரைப் போன தீபாவளிக்கே எலி கடித்துவிட்டது.

11.52. மறுபடி பிடித்தேன். 13. அதே கோடு. இப்போது முப்பத்தாறு டிகிரி. அழித்தேன். “ம்ம்...” திரும்ப வந்தது. இருபத்தொன்பது. கோடு என்றால் போட்ட இடத்தில் கிடக்க வேண்டும். இது புரண்டது.

பேய்தான் என்று முடிவு செய்தேன். ஆனால் எனக்குப் பேயைவிட நல்லகாமனிடம்தான் பயம். போன மாதம் செங்கல் இறக்கும்போது உடைந்ததற்கு லாரிக்காரனின் முன்பல் இரண்டை உடைத்தவர்.

12.04. படியேறி ஒரு பெண் வந்தாள். ஒச்சாயி, மொக்கையனின் மனைவி. கையில் ஒரு ஜோடி ஆண் செருப்பு.

“ஐயா, எங்க வீட்டுக்காரரு இங்கிட்டு வந்தாரா?”

“திருப்பூர் போயிருக்காராமே, தாயி.”

“வெறுங்காலோடயா போவாரு? மூணு நாளாச்சு. இது கட்டடத்துல கெடந்துச்சு.”

“நல்லகாமனைக் கேட்டியா?”

“கேட்டதுக்குத்தான் இது.” கிழிந்த உதட்டைக் காட்டினாள். “எங்க பாகத்துல ஒரு அடிகூடக் குறைக்க அவரு கையெழுத்துப் போட மாட்டாருய்யா. உசுரோட இருக்காரான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

திரையை அவளுக்குத் தெரியாமல் திருப்பி வைத்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

12.15. நல்லகாமனின் போன்.

“பெருசு, முடிஞ்சுச்சா?”

“ஒரு கோடு போக மாட்டேங்குது.”

“வெட்டி எறிங்க. இல்லேன்னா அங்க வந்து உங்க கையை வெட்டுறேன்.”

திரையைப் பார்த்தேன். கோடு இப்போது புரளவில்லை. நேராகப் படுத்திருந்தது. சாய்வு பூஜ்யம். களைத்துப் போனதுபோல...

புதுச்சுவர் அதன் நடுவில் குறுக்கே நின்றது.



12.17.

இழுத்தேன்.

சதக்.

ஸ்பீக்கரில் இல்லை.

காலுக்கடியில்.

மவுஸ் சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது.

வாசலில் ஒச்சாயி எழுந்து நின்றாள்.

“ஐயா... இப்ப யாரு கத்துனது?”

எனக்குக் கத்தல் எதுவும் கேட்கவில்லை.

ஃபைலை சேமித்தேன். அனுப்பினேன். மூடினேன். மூடிவிட்டால் செய்த வெட்டைத் திரும்பப் பெற முடியாது.

மாலை 4.10. சமயநல்லூரில் கொத்தனார் புதுச்சுவருக்கு நூல் பிடிக்க அடுப்படித் தரையில் ஆணி அடித்தார். ஆணி இறங்கிய ஓட்டையிலிருந்து ரத்தம் பொங்கியது. போலீஸ் வந்து, தொட்டியின் பூட்டிய இரும்பு மூடியை உடைத்தது. உள்ளே மொக்கையன். கைகால் கட்டி, வாயில் துணி அடைத்து... இரண்டு துண்டாக.

நல்லகாமன் ஓடவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே வாந்தி எடுத்தார்.

“கட்டித்தான் சார் போட்டேன். கையெழுத்துப் போட்டா விட்டிருப்பேன். காலையில நான்தான் தண்ணி குடுத்தேன். வெட்டல சார்... நான் வெட்டல.”

யார் நம்புவார்கள்? நான் நம்புகிறேன்.

அந்தக் கோட்டைப் பேய் என்றுதான் நான் நினைத்தேன். பேய் என்றால் செத்திருக்க வேண்டும். அவன் அப்போது உயிரோடு இருந்தான். உயிரோடு இருக்கிறவன் இப்படி வந்தால் அதற்கு என்ன பெயர்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போன வாரம் ஒச்சாயி ஒரு காகிதம் கொண்டுவந்தாள். பிரேதப் பரிசோதனை அறிக்கை. படித்துச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இறந்த நேரம், பகல் பன்னிரண்டு மணியை ஒட்டி. வெட்டு இரண்டு, இரண்டும் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேர். ஆயுதம் கிடைக்கவில்லை.

கடைசி வரியை மட்டும் அவளுக்குப் படிக்கவில்லை.

ஆளின் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். இரண்டு துண்டையும் சேர்த்து அளந்தால் நான்கடி ஒன்பது அங்குலம். தொட்டியை மூன்று முறை துழாவித் தேடியும், நடுவில் ஒன்பது அங்குல உடலைக் காணவில்லை.