கலரும் வேண்டும், கலங்கவும் கூடாது

மானிட்டர் விற்பது என்பது மூக்குக் கண்ணாடிக் கடையையும் புடவைக் கடையையும் ஒரே கவுண்டரில் நடத்துவது மாதிரி, "தெளிவா தெரியுதா?" என்று நாங்கள் கேட்போம், "கலர் நிக்குமா?" என்று அவர்கள் கேட்பார்கள். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஒன்பது வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன். நீங்களும் எங்கேயாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நாளெல்லாம் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை ஊற வைக்கிறவராக இருந்தால் உங்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

கேமிங் மானிட்டர்கள் என் பொறுப்பு. விளையாட்டில் கார் பறக்கும்போது படம் இழுபட்டுக் கலங்கக் கூடாது. அந்தக் கலக்கத்தைத்தான் 'ப்ளர்' என்கிறார்கள். அதோடு கலரும் கண்ணில் பார்க்கிற மாதிரியே இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஆசைப்பட்டு வாங்கிப் போனவர்களில் மூன்று பேர் கார்த்திகை மாதத்தில் அடுத்தடுத்துப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் முதலாளி அதிகம் பேசாதவர். என்னைக் கூப்பிட்டு, பொங்கலுக்குள் இன்னும் ஒன்று திரும்பி வந்தால் கேமிங் மானிட்டரே நம் கடைக்கு வேண்டாம் என்றார். டியூப் லைட் வெளிச்சம் படாமல் கறுப்புத் துணி கட்டி, ஆறு மானிட்டர்களை வரிசையாக நிறுத்தி, நானே பார்த்துப் பார்த்து உண்டாக்கிய மூலை அது. முதலாளி சர்வ சாதாரணமாகச் சொன்னார்: "அப்புறம் நீங்க பிரிண்டர் பக்கம் போயிடுங்க."

மச்சான் சொன்னது

துறையூரில் நெல் அறுக்கும் மெஷினை வாடகைக்கு ஓட்டுகிறவர் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். அறுப்பு இல்லாத நாட்களில் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாடுவாராம். வேலையிலும் வண்டி, வீட்டிலும் வண்டியா என்று கேட்டேன். "அது ஆள் நடக்கிற வேகத்துல போற வண்டிங்க" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துப் போயிற்று. நொடிக்கு நூற்று அறுபத்தைந்து தடவை படம் மாற்றுகிற மானிட்டர் ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன்.

நான்காம் நாள் போன் வந்தது. படம் பழைய மானிட்டர் மாதிரியே இழுக்கிறதாம். கம்ப்யூட்டர் செட்டிங்கில் அறுபது என்று இருக்கும், அதை நூற்று அறுபத்தைந்து ஆக்குங்கள் என்றேன். ஆக்கிட்டேன் என்றார். கேபிளைச் சரியான இடத்தில் செருகினீர்களா என்றேன். செருகிட்டேன் என்றார். மறுநாள் காலையில் மானிட்டர் பெட்டியை மடியிலும் கம்ப்யூட்டரைச் சாக்கிலுமாக வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மாட்டிப் பார்த்தால் செட்டிங் அறுபதிலேயே நிற்கிறது. என் எதிரிலேயே மாற்றிக் காட்டுங்கள் என்றேன். சரியாகத்தான் மாற்றினார். உடனே, 'இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா?' என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. யோசிக்காமல் 'வேண்டாம்' என்று அழுத்தினார். செட்டிங் பழையபடி அறுபதுக்குப் போய்விட்டது. ஏன் சார் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கம்ப்யூட்டர் எது கேட்டாலும் வேணாம்னு அமுத்திடுங்கன்னு என் மச்சான் சொல்லியிருக்காருங்க."

ஐந்தில் ஓடும் ஃபேன்

தில்லைநகரில் ஒரு வங்கி அதிகாரி. விளையாடுவது காலேஜில் படிக்கும் அவர் பெண். வாங்கிய இரண்டாம் நாளே அந்தப் பெண் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். திரையில் ஒருவன் ஓடுகிறான், அவனுக்குப் பின்னாலேயே வெள்ளையாக ஆவி மாதிரி இன்னொருவன் ஓடுகிறான். "அங்கிள், இது டபுளா தெரியுது, மாத்திக் கொடுங்க" என்று ஒரு செய்தி. மாற்றிக் கொடுத்தால் என் கதை முடிந்தது.

நமக்குத் தெரிந்த வியாதிதான். மானிட்டரின் மெனுவில் வேகத்துக்கு மூன்று படி இருக்கும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'ஒரு மில்லிசெகண்ட்' என்று போட்டிருக்கிறார்களே, அது மூன்றாவது படியில் கிடைப்பது. அந்தப் படியில் வைத்தால் இப்படி ஆவியும் கூட வரும். அதைப் பெட்டியில் யாரும் போடுவதில்லை. நடுப்படியில் வைக்கச் சொன்னேன். ஆவி போய்விட்டது. பெண் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா போனை வாங்கிக்கொண்டார். மூன்றில் வைத்தது அவர்தானாம். "இருக்கிற வேகத்தை எதுக்குங்க குறைக்கணும்? எங்க வீட்டு ஃபேன் மார்கழியிலயும் அஞ்சுலதான் ஓடும்."

அரக்குப் புடவை

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்தம்மா பெயர் வைதேகி. வீட்டிலேயே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர். கணவர் ஆபீஸ் விட்டு வந்ததும் அதே கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டில் உட்கார்ந்துவிடுவாராம். மேஜையில் இருக்கும் இடத்துக்கு ஒரு மானிட்டர்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

வைதேகி மேடம் ஒரு துணிப் பையிலிருந்து தன் கூரைப்புடவையை எடுத்தார். அதையே போட்டோ எடுத்துப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு மானிட்டரிலும் படத்தைப் போட்டு, பக்கத்தில் புடவையைப் பிடித்துப் பார்த்தார். அரக்குச் சிவப்பு ஒன்றில் செங்கல்லாகத் தெரிந்தது, இன்னொன்றில் தக்காளியாக. நான்காவதில் புடவையும் படமும் ஒன்றாக நின்றன. ஒன்பது வருஷத்தில் இத்தனை ஒழுங்காக மானிட்டர் பார்த்த ஆளை நான் கண்டதில்லை. அந்த மானிட்டரின் பின்பக்கம் ப்ளரைக் குறைக்க ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் ஓடுகிற படம் துளிக் கலங்கல் இல்லாமல் நிற்கும். கணவர் அதைப் பார்த்துச் சொக்கிப் போனார். "அந்தப் பட்டனைப் போட்டா கலர் ஒண்ணும் ஆகாதே?" என்று மேடம் கேட்டார். ஒன்றும் ஆகாது, இரண்டு பேருக்கும் இது ஒன்றே போதும் என்று அடித்துச் சொன்னேன்.

பட்டனைப் போட்டால் திரையின் வெளிச்சம் நன்றாகவே குறையும். எனக்குத் தெரியும். சொன்னால் இந்த மானிட்டர் வேண்டாம் என்று போய்விடுவார்களோ என்று பயம். விற்பனை படுத்துவிட்டாலும் அந்த மூலைக்கு ஆபத்துதான். மேடம் சிரித்துக்கொண்டே புடவையை மடித்தார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரு விஷயம் ஒத்துப்போறது இதுதான் முதல் தடவை."

பட்டன்

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது மேடம் போன் செய்தார். "கொஞ்சம் ஆத்துக்கு வந்து பார்க்கறேளா?" குரலே சரியில்லை. ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மேஜையில் ஒரு கல்யாண ஆல்பம் விரித்து வைத்திருந்தது. பெண்ணின் அரக்குப் புடவை பக்கத்துக்குப் பக்கம் வெளுத்து ரோஸ் கலரில் இருந்தது. மாப்பிள்ளையின் பஞ்சகச்சத்தில் ஜரிகையே தெரியவில்லை. கணவர் விளையாடிவிட்டுப் பட்டனை அணைக்காமல் எழுந்து போயிருக்கிறார். மறுநாள் மங்கலான திரையில் போட்டோக்களைப் பார்த்த மேடம், படம்தான் இருட்டாக இருக்கிறது என்று நினைத்து ஒவ்வொன்றாக வெளிச்சம் ஏற்றியிருக்கிறார். முழு ஆல்பமும் அப்படியே அச்சாகி வந்துவிட்டது. பெண் பொங்கல் முடிந்த கையோடு மாப்பிள்ளையோடு வெளிநாடு கிளம்புகிறாள்.

"நான்தான் அணைக்காம போயிட்டேன். கடைக்காரரை எதுக்குக் கூப்பிட்டே? தப்பு என்னோடது" என்றார் கணவர். ஆமாம் சார் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெட்டி திரும்பாது, என் மூலையும் தப்பிக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மேடம் தலையைக் குனிந்து ஆல்பத்தின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பெண் வீட்டார் முகத்தில் எப்படி முழிப்பது என்கிற யோசனையில் இருந்தார் போல. எனக்கு வெட்கமாக இருந்தது.

"சார் மேல தப்பு இல்லைங்க மேடம். அதைப் போட்டா வெளிச்சம் குறையும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். மறைச்சுட்டேன்" என்றேன். இதை எடுத்துக்கொண்டு, பட்டன் எதுவும் இல்லாத, கலருக்கென்றே இருக்கிற மானிட்டர் ஒன்றைத் தருகிறேன் என்றேன். இனி ஞாபகமாக அணைத்துவிடுகிறேன், இதுவே இருக்கட்டும் என்று கணவர் மன்றாடினார். கேஸ் அடுப்பையே அணைக்க மறக்கிறவர் என்று மேடம் அவரை ஒரே வரியில் அடக்கிவிட்டு, என் பக்கம் திரும்பினார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "மானிட்டரைத் திருப்பி எடுத்துண்டு போயிடுவேள், சொன்ன வார்த்தையை எப்படித் திருப்பி எடுத்துப்பேள்?"

பெட்டி திரும்பியது

மறுநாள் லீவு போட்டேன். என் கணக்கில் எழுதிவிட்டு எடுத்த புது மானிட்டரைக் கொண்டுபோய் மாட்டி, மேடம் படங்களைத் திருத்தி முடிக்கும் வரை கூடவே உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் உண்மை, அந்த வேலையில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒத்துப் பார்க்க மேடத்தின் கூரைப்புடவை நாற்காலியின் முதுகில் தொங்கியது. புது ஆல்பம் அச்சாகி வருவதற்குள் பெண் கிளம்பிவிட்டாள். ஆல்பம் பிறகு கூரியரில் போயிற்று.

பழைய மானிட்டரைப் பெட்டியில் போட்டு ஸ்கூட்டரின் முன்பக்கம் நிற்க வைத்து, முழங்காலால் அணைத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். பொங்கலுக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி. முதலாளியிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் திட்டவில்லை. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கறுப்புத் துணியைப் பார்த்தார். "வழக்கமா கஸ்டமர்தாங்க தூக்கிட்டு வருவாங்க, இப்ப நம்ம ஆளே வீடு தேடிப் போய்த் தூக்கிட்டு வராரு."

இப்போது பிரிண்டர் பக்கம் நிற்கிறேன்; ஸ்கிரீனில் தெரிகிற கலர் அப்படியே பேப்பரில் வருமா என்று கேட்கிறவர்களிடம், அவர்கள் உட்காருவதற்கு முன்பே வராது என்று சொல்லிவிடுகிறேன்.